தின்னாதவர் சுட்ட சாசேஜ்

அந்தப் பையை மேலே தூக்கி வைக்காதீர்கள் சார், உள்ளே கத்தி இருக்கிறது. பயப்பட வேண்டாம், சமையல் கத்திதான். இரண்டு துண்டுகளில் சுற்றி வைத்திருக்கிறேன். காலடியிலேயே கிடக்கட்டும்.

நீங்கள் எதுவரை? மதுரையா? நான் தூத்துக்குடி. ஜன்னல் ஓரம் எனக்கு வேண்டாம், நீங்களே உட்காருங்கள். வெளியே பார்க்க என்ன இருக்கிறது? சிங்காநல்லூரை விட்டால் பல்லடம், பல்லடத்தை விட்டால் தாராபுரம். இருபத்திரண்டு வருடம் கடலைப் பார்த்தவனுக்குத் தாராபுரம் ஒரு காட்சியா?

ஆமாம், கப்பல்தான். சரக்குக் கப்பல், ஜெர்மன் கம்பெனி. நான் சீஃப் குக். இருபத்து நான்கு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. ரெமிஜியுஸ் என்று பெயர். கப்பலில் ரெமி. ரெமி சமைத்தது நன்றாக இல்லை என்று இருபத்திரண்டு வருடத்தில் ஒருவன் சொன்னதில்லை. இந்த ஒரு வாரத்தில் கேட்டுவிட்டேன் சார். அதுவும் யார் வாயால்? ஆட்டு எலும்புக்கும் கோழி எலும்புக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர் வாயால்.

சொல்கிறேன். முகத்தைச் சுளிக்காமல் கேளுங்கள்.

பிராட்வுர்ஸ்ட் என்று ஒரு சாசேஜ். ஜெர்மன்காரன் அதற்கு உயிரை விடுவான். பன்றி இறைச்சியைக் கொத்தி, மிளகும் ஜாதிபத்திரியும் போட்டுப் பிசைந்து, குடல் தோலுக்குள் அடைப்பார்கள். ஒரு சாண் நீளம், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமன். நம் கடைகளில் விற்கும் சிவப்புச் சாசேஜ் ஏற்கெனவே வெந்தது. இது பச்சை. உள்ளே சரியாக வேகாவிட்டால் வயிற்றைப் பதம் பார்த்துவிடும். ஊரில் அவர்கள் கரி நெருப்பில் சுடுவார்கள். கப்பலில் கரி நெருப்பு ஏது? எண்ணெயில் வறுக்கலாம் என்றால் கப்பல் ஆடும், கொதிக்கிற கொழுப்பு காலில் கொட்டும். அதனால் ஓவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓவனில் சுட்ட பிராட்வுர்ஸ்ட். கேப்டன் ரைமர்ஸ் என்று ஒருவர், ஆறரை அடி உயரம், சிரிக்கவே மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடுக்களை வாசலில் வந்து நின்றுகொண்டு, "ரெமி, இன்றைக்கு என்ன?" என்று கேட்பார். தெரியாமலா கேட்கிறார்?

எனக்கு ஒரே மகள், ஜெனோவா. கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவள் அம்மா பிலோமினா போய் மூன்று வருடம் ஆகிறது. ஜெனோ இப்போது நான்கு மாதம். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. பிள்ளை உண்டான நாளில் இருந்ததைவிட ஐந்து கிலோ குறைந்துவிட்டாள். "இப்படியே போனால் வயிற்றில் இருக்கிறதுக்கு எங்கிருந்து போகும்? எது பிடிக்குதோ அதைக் குடுங்க, எதுவானாலும் சரி" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். மாங்காய், புளியங்காய், ஐஸ்கிரீம், எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு நாள் அவளே சொல்லியிருக்கிறாள், "அப்பா கப்பல்ல ஓவன்ல சுடுவாங்கல்ல, அந்த சாசேஜ் வேணும் போல இருக்கு" என்று.

எப்போது சாப்பிட்டாள் என்கிறீர்களா? சாப்பிட்டதே இல்லை. லீவில் வந்தவன் அடுக்களைக்குள் போவானா? லீவு நாளில் தபால்காரன் கடிதம் கொடுக்கிறானா? ஆனால் வாயால் எத்தனையோ தடவை சுட்டுப் போட்டிருக்கிறேன். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கருவாட்டுக் குழம்பும் சோறும் தட்டில் இருக்கும், அவள் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அந்த சாசேஜ் கதை சொல்லுப்பா" என்பாள். தோல் எப்படிச் சுருங்கும், கொழுப்பு எப்படி உள்ளேயே கிடந்து முணுமுணுக்கும், கத்தி பட்டதும் எப்படி டப்பென்று திறக்கும் என்று சொல்லச் சொல்ல, வெறும் சோற்றையே தின்று தீர்ப்பாள். "அடுத்த லீவுக்குச் செய்யறேன்" என்பேன். அத்தோடு திருப்தி. பிள்ளைகளுக்கு வேறு என்ன வேண்டும்?

சரி. மாப்பிள்ளை எனக்குப் போன் போட்டார். "மாமா, நீங்க வந்து ஒரு தடவை செஞ்சு குடுங்க" என்றார். கத்தியைக் கட்டிக்கொண்டு போன செவ்வாய்க்கிழமை போய் இறங்கினேன்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் காந்திமதிநாதன். திருநெல்வேலி. சுத்த சைவம், முட்டை உடைத்த கரண்டியைக்கூடத் தொடாத குடும்பம். காலேஜில் கூடப் படித்தார்கள், பிடித்துப்போயிற்று, கட்டிக்கொண்டார்கள். "மீன் வாசனை இல்லாத வீட்டில எப்படி மூச்சு விடுவே?" என்று அப்போதே கேட்டேன். "விட்டுப் பழகிக்கிறேன்ப்பா" என்றாள். அந்த வாய் அவள் அம்மாவுடையது. மாப்பிள்ளைக்கு ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. வந்த உருப்படி சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கிற வேலை. அளவைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறொன்றும் கிடையாது. காபிக்குச் சர்க்கரை போட்டால்கூடக் கரண்டியின் தலையை வழித்துவிட்டுத்தான் போடுவார்.

சாசேஜை ஏதோ குளிர்பதனக் கடையில் தேடிப் பிடித்து வாங்கி வைத்திருந்தார். ஓவனும் புதிதாக வாங்கியிருந்தார். பின்பக்கத்து பால்கனியில், துணி துவைக்கிற மெஷின் பக்கத்தில். உள் அடுக்களையில் கறி சமைப்பது இல்லையாம், அங்கே அவர் விளக்கேற்றுகிற மாடம் இருக்கிறதாம். ஓவனைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது சார். பொம்மை வைக்கிற பெட்டி. கப்பல் ஓவனில் ஒரு ஆள் படுக்கலாம். விடியற்காலை ஐந்து மணிக்குச் சூடேறினால் ராத்திரிவரை சூடு ஆறாது. இதில் ஒரு கோழி உட்கார்ந்தால் தலை இடிக்கும்.

வியாழக்கிழமை நான் சுட்டேன்.

மாப்பிள்ளை வந்து நின்றார். "மாமா, முதல்ல பத்து நிமிஷம் வெறுமனே சூடு பண்ணணுமாம். இருநூறு டிகிரியாம்" என்றார். யார் சொன்னது என்றேன். போனைக் காட்டினார். போன்! "மாப்ள, நீங்க போய்க் குளிங்க" என்றேன். அனுப்பிவிட்டு என் பாணியில் ஆரம்பித்தேன். தட்டில் சாசேஜை நெருக்கி அடுக்கினேன். ஈரத் துண்டு இரண்டைச் சுருட்டித் தட்டுக்கு இரண்டு பக்கமும் அடைகொடுத்தேன். தட்டு வழுக்கக்கூடாது அல்லவா? கப்பலில் இதைச் செய்யாதவன் சமையல்காரனே இல்லை. பிறகு ஓவன் கதவு திறந்துகொள்ளாமல் இருக்க, அதன் கைப்பிடியைக் கயிற்றால் பின்னுக்கு இழுத்துப் பால்கனிக் கம்பியில் கட்டினேன்.

மாப்பிள்ளை குளித்துவிட்டு வந்து பார்த்தார். கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "மாமா, இது ரெண்டாவது மாடி. ஆடாது" என்றார்.

பாருங்கள், எவ்வளவு நக்கல்! கை அதுவாகச் செய்கிறது சார். இருபத்திரண்டு வருடம் செய்த கை. கேலி செய்வதா?

துண்டு ஆவி விட்டது. பெட்டிக்குள் ஒரே புகைமூட்டம். மேலே சூடேறுகிற கம்பி சாசேஜின் முதுகைக் கரித்துவிட்டது, அடியில் வெளுத்துக் கிடந்தது. பொம்மைப் பெட்டி வேறு எப்படிச் சுடும்? எடுத்து வைத்தேன். மாப்பிள்ளை ஒரு குச்சியைக் கொண்டுவந்தார். தெர்மாமீட்டராம். நடுவில் குத்தினார். நாற்பத்தெட்டு. "எழுபதுக்கு மேல போகணும் மாமா. உள்ள இன்னும் பச்சையா இருக்கு. இந்த நிலைமையில அவளுக்கு இதைக் குடுக்க முடியாது" என்றார்.

"கப்பல்ல எவனும் சாசேஜுக்குக் காய்ச்சல் பார்த்தது இல்ல" என்றேன்.

அவர் தட்டை எடுத்தார். மொத்தத்தையும் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். கேப்டன் ரைமர்ஸ் அடுக்களை வாசலில் வந்து நின்ற சாசேஜ் சார்! இந்தக் கண்ணால் பார்த்தேன். ஜெனோ அன்றைக்கு இரண்டு வாய் மோர்சோறு தின்றாள். அதுவும் நிற்கவில்லை. "பரவாயில்லப்பா, ஓவன் புதுசு" என்றாள். அவளாவது நியாயம் பேசினாளே.

தாராபுரம் வந்துவிட்டதா? இறங்குங்கள், ஒரு டீ குடித்துவிட்டு வருவோம். பை கிடக்கட்டும், கத்தியை யார் எடுப்பார்?

இந்த டீயைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. கப்பலில் இதைத் தரை துடைக்க விடுவோம். ஏறுங்கள், எடுத்துவிட்டான்.

எங்கே விட்டேன்? ஆம், சனிக்கிழமை. மாப்பிள்ளைக்கு அரை நாள் லீவு. காலையிலேயே புது சாசேஜ் வாங்கி வந்துவிட்டார். "இன்னிக்கு நான் முயற்சி பண்றேன் மாமா, நீங்க பக்கத்துல இருங்க" என்றார். தின்னாதவர் சுடப்போகிறார்! சைக்கிள் ஓட்டத் தெரியாதவன் பஸ்ஸை எடுக்கிற கதை. நாற்காலியைப் போட்டுக்கொண்டு பால்கனி வாசலில் உட்கார்ந்தேன். வேடிக்கை பார்க்க வேண்டாமா?

மூக்கில் கைக்குட்டை. கையில் ரப்பர் உறை. சாசேஜைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்தார். வெறும் ஓவனைப் பத்து நிமிடம் சூடாக்கினார். உள்ளே ஒன்றுமே இல்லாமல்! கரண்டுக்கு வந்த கேடு. தட்டில் வெங்காயத்தை அரிந்து பரப்பினார். எல்லா வளையமும் ஒரே கனம். அதன் மேல் கம்பி வலை. வலையில் சாசேஜை இரண்டு விரல் இடைவெளி விட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்தார். ஆபரேஷன் தியேட்டர் தோற்றது போங்கள். பத்தாவது நிமிடம் இடுக்கியால் ஒவ்வொன்றாகத் திருப்பினார். இருபதாவது நிமிடம் குச்சி. அதையும் பக்கவாட்டில் குத்தவில்லை, சாறு ஒழுகிவிடுமாம். நுனி வழியாக நீளத்துக்குச் செருகினார். எழுபத்திரண்டு. எடுத்து ஐந்து நிமிடம் ஆற வைத்தார். இத்தனைக்கும் நடுவில் வாசனை தாங்காமல் இரண்டு தடவை பால்கனிக் கம்பிப் பக்கம் போய் வெளியே தலையை நீட்டி மூச்சு விட்டார். முடித்ததும் திரும்பவும் குளித்தார். ஒரு காலையில் இரண்டாவது குளியல். குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினார். இப்படி ஒரு கூத்தைக் கப்பலில் சொன்னால் சிரித்தே கடலில் விழுவார்கள்.

ஜெனோ வந்து உட்கார்ந்தாள். ஒன்றை வைத்தார். வெட்டினாள். ஒரு துண்டு தின்றாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே போயிற்று. இன்னொரு துண்டு. அதுவும் நின்றது. பாதி தின்றுவிட்டாள் சார். பத்துப் பன்னிரண்டு நாளில் அதுதான் முதல் தடவையாம். மாப்பிள்ளை என்னிடம் ஒரு தட்டை நீட்டினார். "மாமா, எனக்கு ருசி பார்க்க வழியில்ல. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றார்.

தின்றேன். ஒன்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, அதனால் இரண்டாவதும் தின்றேன். அடியில் கிடந்த வெங்காயத்தையும் வழித்துத் தின்றேன், கொழுப்பெல்லாம் அதில்தானே இறங்கியிருக்கிறது. அப்போது ஜெனோ என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, கப்பல்ல செய்யறது இப்படித்தான் இருக்குமா?"

சின்ன வயதில் கேட்ட மாதிரியே கேட்டாள். என்ன பதில் சொல்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கடலைப் பார்க்காத ஒருவர், வாயில் வைக்காத பண்டத்தை, போனைப் பார்த்துச் சுட்டு வைத்திருக்கிறார். இப்படித்தான் இருக்கும் என்று சொன்னால் என் இருபத்திரண்டு வருடத்துக்கு என்ன மரியாதை?

"இதையா?" என்றேன். "இதைத் தட்டுல வச்சிருந்தா கேப்டன் தூக்கிக் கடல்ல எறிஞ்சிருப்பாரு."

முள்கரண்டியை வைத்துவிட்டாள். அப்படியே, சத்தமில்லாமல். "ஓ" என்றாள். தட்டைத் தள்ளினாள். பத்து நிமிடத்தில் தின்றது எல்லாம் வெளியே வந்துவிட்டது. அப்புறம் தலைசுற்றல். மாப்பிள்ளை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ட்ரிப்ஸ் ஏற்றி ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். எனக்கு வீட்டுக் காவல். தட்டில் மூன்று சாசேஜ் மிச்சம். பிரிட்ஜில் வைத்துச் சூடு பண்ணினால் தோல் ரப்பராகிவிடும். வீணாக்குவானேன் என்று நானே தின்று முடித்தேன். சமையல்காரன் எதையும் எறிய மாட்டான் சார். எறிகிறவர்கள் வேறு ஆட்கள்.

நேற்றுக் காலை வந்தாள். கையில் பிளாஸ்திரி. மிச்சம் எங்கே என்று மாப்பிள்ளை கேட்டார். சொன்னேன். ஜெனோ சிரித்த மாதிரி இருந்தது, சிரிப்பு இல்லை. "மூணையுமாப்பா?" என்றாள். பிறகு சொல்கிறாள், "நீங்க ஒரு வார்த்தை நல்லாயிருக்குன்னு சொல்லியிருந்தா நான் தின்னுருப்பேன். எனக்கு அது எப்படி இருக்கணும்னு தெரியாதுப்பா. நீங்க சொன்னது மட்டுந்தான் தெரியும். ஒரு தடவையாவது செஞ்சு போட்டிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்."

கேட்டீர்களா? உள்ளதைச் சொன்னவன் மீது பழி. "அப்ப நான் ஊருக்குப் போறேன்" என்றேன். போகாதீர்கள் என்று சொல்வாள் என்று பார்த்தேன். "சரிப்பா" என்றாள்.

இன்றைக்குக் காலையில் மாப்பிள்ளைதான் சிங்காநல்லூர்வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார், டிரைவரிடம் போய், "வயசானவங்க, பார்த்து இறக்கி விடுங்க" என்று சொன்னார். பசிபிக் கடலைத் தாண்டியவனைத் தூத்துக்குடியில் பார்த்து இறக்கிவிட வேண்டுமாம்.

ஒரு நிமிடம். போன் அடிக்கிறது. மாப்பிள்ளைதான். நான் எடுக்கப் போவதில்லை. அடிக்கட்டும்.

நின்றுவிட்டது. பார்த்தீர்களா, அவ்வளவுதான் அக்கறை. ஓ, மறுபடியும் அடிக்கிறார்.

ஹலோ. ம். ஒட்டன்சத்திரம் தாண்டியாச்சு. இல்ல, தூங்கல. வேலைக்குப் போகலையா? லீவா? ஏன், அவளுக்கு என்ன?... மறுபடியும் சுட்டீங்களா? ம். ம். தட்டை வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்காளா? ஏன்?... கொஞ்சம் இருங்க மாப்ள.

சார், கேளுங்கள் இந்த அநியாயத்தை. நேற்றிலிருந்து அவள் வயிற்றில் ஒன்றும் நிற்கவில்லை. இன்றைக்கு ஏதும் நிற்காவிட்டால் சாயங்காலம் மறுபடியும் ஆஸ்பத்திரியாம். இவர் மறுபடியும் சுட்டு வைத்திருக்கிறார். அவள் வெட்டுகிறாளாம், வாய்வரை கொண்டுபோகிறாளாம், வைத்துவிடுகிறாளாம். "அப்பா சொன்னது நினைப்புக்கு வந்து குமட்டுது" என்கிறாளாம். அதனால் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். நூறு கிலோமீட்டர் தள்ளி, ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, கண்ணால் பார்க்காத பண்டத்துக்கு நான் ருசி சொல்ல வேண்டுமாம்!

மாப்ள. இருக்கேன். தோல் வெடிச்சிருக்கா? எங்கயும் இல்லையா? நெறம் என்ன? பழுப்புன்னா எந்தப் பழுப்பு, வெல்லமா, புளியா? ம். வெங்காயம் அடியில போட்டீங்களா? குச்சி என்ன சொல்லுது? எழுபத்திரண்டா? நுனி வழியாத்தானே குத்துனீங்க? சரி. இப்ப சூடாத்தானே இருக்கு? போனை தட்டுகிட்ட கொண்டு போங்க. இன்னும் கிட்ட. கேக்கல. இருங்க.

கண்டக்டர்! அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்கய்யா. என்ன விஷயமா? ஆஸ்பத்திரி விஷயம். ஏம்மா, பின்னால, அந்தப் பிள்ளையக் கொஞ்சம் அமத்தும்மா. சார், நீங்கள் அந்த ஜன்னலைச் சாத்துங்கள்.

ம். இப்ப கேக்குது, உள்ள முணுமுணுக்குது. ஒண்ண வெட்டச் சொல்லுங்க... ம்.

ஜெனோ. அப்பாதான். கேக்குதும்மா. அன்னிக்கு சொன்னதா? அது கெடக்கு, விடு. நீ கேட்டல்ல, கப்பல்ல இப்படித்தான் இருக்குமான்னு? இப்படித்தான் இருக்கும். ஆமா. இதே சத்தந்தான், இதே மாதிரிதான். கேப்டன் எதுக்கு எறியறாரு? மூணு தின்பாரு. நெசமாத்தான் சொல்றேன். நுனியிலருந்து வெட்டு. சின்னதா வெட்டு. மென்னு தின்னு. அவசரம் இல்ல. இல்லம்மா, போனை வைக்காத. தட்டுப் பக்கத்துல அப்படியே கெடக்கட்டும். நான் இருக்கேன்.

பார்த்தீர்களா சார்? வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் உங்களிடம் சொல்கிறேன், அவளுக்குக் கேட்காது. ருசி பார்க்காமல் ஒரு தட்டைக்கூட நான் வெளியே அனுப்பியதில்லை. என் வாயாலேயே பொய் சொல்ல வைத்துவிட்டார். மாமா ஒத்துக்கொண்டார் என்று திருநெல்வேலி முழுக்கச் சொல்லுவார், பாருங்கள். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு சுட்ட பண்டத்துக்கு நான் சாட்சி! சனிக்கிழமை நான் சொன்னதுதான் உண்மை. அதில் எந்த மாற்றமும் இல்லை. மதுரை வந்தால் வரட்டும், நான் இந்தப் போனை வைக்கப்போவதில்லை.

என்ன கேட்கிறீர்கள்? அப்புறம் கேளுங்கள். கொஞ்சம் பேசாமல் இருங்கள். தட்டில் கத்தி படுகிற சத்தம் கேட்கிறது.

இரண்டாவது துண்டை வெட்டுகிறாள்.